பிக்கப்பை மாத்துறதுக்கு முன்னாடி நட்டைப் பாருங்க சாமிகளா!

மக்களே, இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா மனசுக்குள்ள புகைஞ்சிட்டு இருந்த ஒரு விஷயத்தைக் கொட்டிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். பதிவு நீளம். டீயோட வாங்க.

போன வாரம் பக்கத்து டீம் பையன் ஒருத்தன் நம்ம சீட்டுக்கு வந்தான். "அண்ணா, 11 ஆயிரத்துக்கு ஒரு எலக்ட்ரிக் கிடார் வாங்கியிருக்கேன். என்ன பிக்கப் போடலாம்?"

"இப்ப இருக்கிறதுல என்னடா பிரச்சனை?"

"பிரச்சனைன்னு ஒண்ணும் இல்லண்ணா. மலிவு கிடார்னா பிக்கப் மாத்தியே ஆகணும்னு எல்லாரும் சொல்றாங்களே."

வாங்கி எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டேன். நாலு நாள்!

நாலு நாள்ல அவனுக்கு இன்னும் சி கார்டே ஒழுங்கா வந்திருக்காது. அதுக்குள்ள 'உன் கையில இருக்கிறது குப்பை, இன்னொரு 10 ஆயிரம் எடுத்து வை' என்று எவனோ அவன் காதில் ஓதிவிட்டான். அந்த எவனோ மேலதான் இன்னைக்குக் கோபம். கிடார் பற்றிப் பேசும் இடம் எதுக்குப் போனாலும் இந்த அண்ணன்கள் இருப்பாங்க. நீங்க என்ன கேட்டாலும் பதில் ஒண்ணுதான். "மொதல்ல பிக்கப்பை மாத்து பாஸ்."

இதைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கா? இருக்கு. ஏன்னா அந்த அண்ணன்களில் நானும் ஒருத்தன். அந்தப் பாவத்தைப் பண்ணிட்டுத்தான் பேசுறேன்.

கிடார் வாசிக்காதவங்களுக்கு ரெண்டு வரி. எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய தாமிரக் கம்பியும் இருக்கும். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். பிளஸ் டூவில் படிச்ச ஃபாரடே விதிதான், வேற மாயமில்லை. அதுதான் பிக்கப். அந்த மின்சாரம் ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சத்தமா வருது. மலிவுக் கிடாரில் பெரும்பாலும் இரும்புத் துண்டுகளுக்கு அடியில் ஒரு செராமிக் காந்தத்தை ஒட்டியிருப்பாங்க. விலை கூடினதில் ஆல்னிகோ காந்தத் தண்டுகள். சத்தத்தில் வித்தியாசம் உண்டு, இல்லைன்னு சொல்லவே மாட்டேன்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம்.

எங்க சித்தி பையன். தூத்துக்குடிக்காரன், கோவையில் இன்ஜினியரிங் முதல் வருஷம். ஒரு வருஷம் பொங்கல் காசு, தாத்தா கொடுத்தது, பழைய சைக்கிளை வித்ததுன்னு எல்லாத்தையும் சேர்த்து 9 ஆயிரத்துக்கு ஒரு ஸ்ட்ராட் நகல் வாங்கினான். கம்பெனி பேரு வேண்டாம், அவங்க மேல தப்புன்னும் சொல்ல மாட்டேன். குடும்பத்திலேயே கிடார் தெரிஞ்ச ஒரே ஆள்னு என்னைத்தான் கேட்பான். ரெண்டு மாசம் கழிச்சு போன் பண்ணினான்.

"அண்ணே, எஃப் கார்டு வரவே மாட்டேங்கு. விரல் எல்லாம் தீயா எரியுது. பிடிச்சாலும் ஸ்ருதி சேரல. கிடார் சரியில்லையோண்ணே?"

இந்தக் கேள்விக்கு ஒரு மனுஷன் என்ன பதில் சொல்லியிருக்கணும்? 'கிடாரை எடுத்துட்டு வா, பார்க்கிறேன்'னு சொல்லியிருக்கணும். பொட்டி தட்டுறவன்தானே நானும்? சர்வர் மெதுவா இருக்குன்னு புகார் வந்தால் லாகைப் பார்க்காமல் சர்வரை மாத்துவோமா? ஆனா அண்ணன் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மலிவு கிடார்டா. மொதல்ல பிக்கப் மாத்தணும்."

அவன் விரல் எரியுதுங்கிறான். நான் காந்தத்தை மாத்துங்கிறேன். கால்ல முள் குத்தினவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த கதை.

சொந்தச் செலவுல சூனியம்னு சொல்லுவோம். இது தம்பி செலவுல நான் வச்ச சூனியம். பையன் மெஸ்ஸில் காலை டிபனை விட்டுட்டு நாலு மாசம் காசு சேர்த்தான். செகண்ட் ஹேண்டில் மூணு பிக்கப் கொண்ட செட் 9,500. ட்யூனிங் மெஷின் 4,200. குமிழ், ஸ்விட்ச், ஒயர் எல்லாம் சேர்த்து 1,800. ஆகமொத்தம் 15,500 ரூபாய். கிடாரே 9 ஆயிரம்தான் என்பதை மறுபடியும் ஞாபகப்படுத்துறேன். லீவுக்குச் சென்னை வந்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஈயமும் புது அயர்ன் முனையும் வாங்கி, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே சால்டரிங் பண்ணிக் கொடுத்தேன். நானே வாசிச்சும் காட்டினேன். சத்தம் நல்லாத்தான் இருந்தது. சுத்தமான டோனில் மணி மாதிரி வந்தது. டிஸ்டார்ஷனைப் போட்டதும் பழசுக்கும் புதுசுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியல, ஆனா அதை அவன்கிட்ட சொல்லல.

அப்புறம் அவன் வாங்கி வாசிச்சான். எஃப் வரல. விரல் எரிஞ்சது. ஸ்ருதி சேரல.

அவன் ஒண்ணும் சொல்லல. என் சந்தோஷத்தைக் கெடுக்க வேணாம்னு "சூப்பர்ண்ணே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அடுத்த ஒரு வருஷம் அந்தக் கிடார் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சித்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். "அவனுக்கு அதெல்லாம் வராதாம்ப்பா, அவனே சொல்லிட்டான்."

எனக்கு இன்னைக்கும் உறுத்துற வரி அது. 15,500 ரூபாயை எப்படியாவது சம்பாதிச்சுக்கலாம். ஒரு பையன் 'எனக்கு வராது'ன்னு முடிவு பண்ணினானே, அதை நான் எங்கே போய்த் திருப்பி வாங்குறது?

குற்றவாளி யாருன்னு அடுத்த லீவில்தான் தெரிஞ்சது. பேரு நட். நம்ம ஸ்பேனர் போட்டுத் திருகுற நட்டு இல்லை. கிடாரின் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில், ஆறு கம்பிகளும் உட்கார்ந்து போகும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. அதில் ஆறு பள்ளம் வெட்டியிருப்பாங்க. பள்ளம் ஆழமாப் போயிட்டா கம்பி ஃப்ரெட்டில் இடிச்சு 'ஜிர்ர்'னு கத்தும், அந்தத் துண்டையே மாத்தணும். ஆழம் கம்மியா இருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதனால விலை குறைஞ்ச கிடார்களில் பள்ளத்தைக் கொஞ்சம் மேலேயே விட்டுடுவது சகஜம். ஒவ்வொண்ணையும் கையால் ராவி சரி பண்ண ஆளும் நேரமும் வேணும், அந்த விலைக்கு அது கட்டாது.

விளைவு? முதல் ஃப்ரெட்டில் கம்பி எட்டாத உயரத்தில் நிக்கும். எஃப் கார்டுக்கு ஆறு கம்பியையும் அந்த முதல் ஃப்ரெட்டில்தான் ஒரே விரலால் அமுக்கணும். அமுக்க அமுக்க கம்பி இழுபடும், இழுபட்டால் ஸ்ருதி ஏறும். விரல் எரியுது, ஸ்ருதி சேரல. தம்பி போனில் சொன்ன ரெண்டும் ஒரே நோயின் அறிகுறி. அவன் சரியாத்தான் சொன்னான், எனக்குத்தான் காது இல்லை.

கிடார் ரிப்பேர் பண்ணும் ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனோம். பிக்கப்பைப் பார்க்கவே இல்லை. மூணாவது ஃப்ரெட்டை அமுக்கிட்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்தார். அங்கே ஒரு மெல்லிய பேப்பர் நுழையுற அளவுதான் இருக்கணுமாம். இதில் விசிட்டிங் கார்டே நுழையும் போல இருந்தது. சின்ன அரம் எடுத்தார், ராவினார், கழுத்துக்குள்ளே ஓடும் ட்ரஸ் ராடை லேசாத் திருப்பினார், பாலத்தில் கம்பி உயரத்தை இறக்கினார், புதுக் கம்பி போட்டார். ஒரு மணி நேரம். கம்பியோட சேர்த்து 1,100 ரூபாய். தம்பி எஃப் பிடிச்சான். முழுசா இல்லை, நாலு கம்பி கேட்டது. அவன் முகத்தைப் பார்க்கணுமே! பக்கத்தில் 15,500 ரூபாய்க்கு நான் பண்ணி வச்ச அலங்காரம் மினுமினுத்துட்டு இருந்தது. அவ்வ்வ்வ்.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம்.

வாதம் 1: "பெரிய பெரிய ஜாம்பவான்கள் எல்லாம் பிக்கப்பை மாத்தலையா?"

மாத்தினாங்க. எட்டி வான் ஹேலன், கழிச்சுப் போட்ட ரகத்து உடம்பு ஒண்ணை மலிவா வாங்கி, அதில் ஒரு கிப்சன் கிடாரின் பிக்கப்பைப் பிடுங்கி மாட்டினார். 1978-இல் வந்த முதல் ஆல்பத்தில் உலகமே வாயைப் பிளந்தது அந்தக் கிடாருக்குத்தான். ஆனா ஏன் மாத்தினார்? ஸ்ட்ராட்டோட ட்ரெமலோ கைப்பிடியும் வேணும், கிப்சனோட தடிச்ச சத்தமும் வேணும், ரெண்டும் சேர்ந்த கிடார் அவருக்குக் கடையில் கிடைக்கல. அதிக வால்யூமில் பிக்கப் கீச்சுன்னு கத்தியது, அதுக்காக மெழுகில் முக்கி எடுத்தார். குயின் குழுவின் பிரையன் மே, 1963-இல் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தில் கழுத்து செதுக்கி ஒரு கிடார் பண்ண ஆரம்பிச்சார். முதலில் பிக்கப்பையும் தானே செஞ்சார். கம்பியை வளைச்சு இழுக்கும்போது அதில் வேண்டாத சத்தம் வந்தது, அதனால பர்ன்ஸ் ட்ரைசானிக் பிக்கப்புகளை வாங்கிப் போட்டார்.

ரெண்டு பேருக்கும் கையில் ஒரு பிரச்சனை இருந்தது. அது என்னன்னு சொல்லத் தெரிஞ்சது. வாசிச்சு வாசிச்சுக் கண்டுபிடிச்சது. நம்ம பக்கத்து டீம் பையனுக்கு அது இல்லையே! அவன்கிட்ட இருக்கிறது யாரோ கொடுத்த ஷாப்பிங் லிஸ்ட்.

இன்னொரு பக்கமும் பாருங்க. 1950-களில் அமெரிக்காவில் டான்எலெக்ட்ரோன்னு ஒரு கம்பெனி, ஹார்ட்போர்டில் கிடார் செஞ்சு, லிப்ஸ்டிக் குழாய்க்குள் பிக்கப்பை அடைச்சு மலிவா வித்தாங்க. அதைத்தான் லெட் ஸெப்பலின் ஜிம்மி பேஜ் 'காஷ்மீர்' பாட்டுக்கு மேடையில் மாட்டிக்கிட்டு வாசிச்சார். மலிவுங்கிறது வியாதி இல்லை.

வாதம் 2: "சத்தம் பிக்கப்பில்தானே பிறக்குது? மரத்தை விட அதுதானே முக்கியம்?"

ஒத்துக்கிறேன். ஜிம் லில் என்கிற நாஷ்வில் கிடார்க்காரர் 2021-இல் ஒரு வீடியோ போட்டார். உடம்பும் இல்லாமல் கழுத்தும் இல்லாமல், ரெண்டு மேஜைக்கு நடுவில் கம்பியைக் கட்டி, பிக்கப்பை வச்சு, நல்ல கிடாரோட சத்தத்தையே வர வச்சார். மரம், மரம்னு உருகுறவங்க வாயடைச்சுப் போனாங்க. ஆனா அதே வீடியோவில் இன்னொண்ணும் இருக்கு. பிக்கப் எந்த இடத்தில் இருக்கு, கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கு என்பது சத்தத்தை நல்லாவே மாத்துது. அந்த உயரத்தை மாத்த என்ன செலவு? ஒரு ஸ்க்ரூ டிரைவர். பிக்கப்போட ரெண்டு பக்கமும் திருகு இருக்கு. பக்கத்தில் கொண்டு வந்தால் கனமா, சத்தமா வரும். தண்டுக் காந்தம் போட்ட பிக்கப்பை ரொம்பப் பக்கத்தில் வச்சால் காந்தம் கம்பியைப் பிடிச்சு இழுத்து ஸ்ருதியே கோணலாகும். இறக்கினால் தெளிவு வரும். பிக்கப்பை மாத்தினவங்கள்ல எத்தனை பேர் பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி அந்தத் திருகை ஒரு தடவை திருப்பிப் பார்த்தீங்க? கையைத் தூக்குங்க. நான் தூக்க மாட்டேன்.

அதைவிடக் காமெடி கேபிள். சுருள் ஒரு இண்டக்டர், கேபிள் ஒரு கெப்பாசிட்டர், ரெண்டும் சேர்ந்தால் ஒரு ஒத்ததிர்வு. பாடத்தில் படிச்ச எல்சி சர்க்யூட்டேதான். சிங்கிள் காயில் பிக்கப்புக்குச் சுமார் 2.5 ஹென்றி, அதுக்குள்ளேயே ஒரு 100 பிகோஃபாரட், கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட்னு வச்சுக்கோங்க. 3 மீட்டர் கேபிள் போட்டால் உச்சம் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருது. 6 மீட்டர் போட்டால் 3.8-க்கு இறங்குது. சத்தம் குத்துதுன்னா நீளக் கேபிள், மந்தமா இருக்குன்னா குட்டைக் கேபிள். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கார்டைத் தேய்ச்சேனே, என்னை எதால் அடிக்கிறது?

வாதம் 3: "மலிவு ட்யூனிங் மெஷின் ஸ்ருதி நிக்காது, மாத்தியே ஆகணும்."

பெரும்பாலும் மெஷின் தப்பில்லை. கம்பி நட் பள்ளத்தில் சிக்கிக்கிட்டு நகர மாட்டேங்குது. ட்யூன் பண்ணும்போது 'டிங்'னு ஒரு சத்தம் கேட்டால் அதுதான். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்ங்க. கிராஃபைட்டே எண்ணெய் மாதிரி வேலை செய்யும். செலவு: பென்சில் உங்க வீட்டிலேயே இருக்கும் :-)

வாதம் 4: "என் காசு, என் ஆசை, உனக்கென்னய்யா?"

இதுக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிடுறேன். ஞாயித்துக்கிழமை சால்டரிங் அயர்ன் சூடாகி ரெசின் புகை கிளம்பும் வாசனை இருக்கே, அதுக்கு நானும் அடிமைதான். வாசிக்கத் தெரிஞ்சவன், சம்பாதிக்கிறவன், ஆசைக்கு மாத்துறான். மாத்திட்டுப் போகட்டும், நானே வந்து ஒயரைப் பிடிச்சுக்கிறேன். என் சண்டை அங்கே இல்லை. முதல் கிடார் வாங்கிய பசங்ககிட்ட போய் அந்த ஆசையை அத்தியாவசியம்னு சொல்லாதீங்க என்பதுதான்.

அப்படிச் சொல்றது ஏன் நடக்குதுன்னும் யோசிச்சேன். பிக்கப்பைப் பெட்டியில் போட்டு விக்கலாம், பெட்டியைத் திறக்கிற வீடியோ போடலாம், கிலோ ஓம் கணக்கு சொல்லி மார்தட்டலாம். நட்டில் அரை மில்லிமீட்டர் ராவியதை எவன் வீடியோ பார்ப்பான்? அப்புறம் இன்னொண்ணு, இது கொஞ்சம் கசக்கும். 'பிக்கப் சரியில்லை'ன்னு சொன்னால் ஒரே நொடியில் நாம விஷயம் தெரிஞ்சவங்களாகிடுறோம். எதிரில் இருக்கிறவன் கையைப் பார்க்க வேண்டாம், கிடாரை வாங்கிப் பார்க்க வேண்டாம். நான் தம்பிகிட்ட சொன்னதும் அதுக்காகத்தான்.

அப்ப பிக்கப்பை எப்பத்தான் மாத்தலாம்? சுருள் அறுந்து செத்துப் போயிருந்தால் மாத்துங்க. தட்டினாலே மைக் மாதிரி கேட்டு, வால்யூம் ஏத்தினால் கீச்சிட்டால் மாத்துங்க. நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டும் பழைய ஃபேன் ரெகுலேட்டரும் சேர்ந்து 'ஹம்ம்ம்'னு உயிரை எடுத்தால், ரெண்டு சுருளை எதிரெதிரா வச்சு இரைச்சலை ரத்து பண்ணும் ஹம்பக்கருக்குப் போங்க. செத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சது அந்த ஒரு பிரச்சனைக்காகத்தான். ஆறு மாசம் வாசிச்சதுக்கு அப்புறம், 'எனக்கு இந்தச் சத்தம் வேணும், இதில் வரல'ன்னு உங்களால் சொல்ல முடிஞ்சாலும் தாராளமா மாத்துங்க.

அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது, வரிசையா:

1. புதுக் கம்பி. கடல் காத்தும் வேர்வையும் படும் ஊர்ல கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.
2. நட் பள்ளம். உங்ககிட்ட அரம் இல்லைன்னா நீங்க ராவாதீங்க, தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க. ராவினது திரும்ப வராது.
3. கழுத்தோட வளைவு, அப்புறம் கம்பி உயரம். 12-ஆவது ஃப்ரெட்டில் தடிச்ச கம்பிக்கு 1.6 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் சௌகரியம்.
4. 12-ஆவது ஃப்ரெட்டில் ஸ்ருதி சேருதான்னு பார்த்து, பாலத்துத் திருகை நகர்த்துறது.
5. பிக்கப் உயரம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை மணி நேரம்.
6. வாசிங்க. தினமும்.

இந்த ஆறும் முடிஞ்சும் குறை இருந்தால் வாங்க, பிக்கப் பத்திப் பேசலாம்.

தம்பி இப்ப மூணாவது வருஷம். போன பொங்கலுக்கு ஊருக்குக் கிடாரைத் தூக்கிட்டு வந்திருந்தான். எஃப் சுத்தமா வருது. "பி மைனர்தான்ண்ணே இன்னும் சரியா வரல"ன்னான். கிடாரை வாங்கிப் பார்த்தேன். கிடாரில் ஒரு குறையும் இல்லை. "வரும்டா, வாசி"ன்னு மட்டும் சொன்னேன். அவன் கழட்டிப் போட்ட பழைய பிக்கப் மூணும் என் மேஜை டிராயரில்தான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல.

பக்கத்து டீம் பையனுக்கு நாளைக்கு என் கேப்போவைக் கொண்டு போறேன். கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டிட்டு, எஃப் வடிவத்தை அதுக்கு அடுத்த ஃப்ரெட்டில் பிடிச்சுப் பார்க்கச் சொல்லணும். அப்ப திடீர்னு சுலபமா வந்தால் நட்தான் எதிரி. உங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயும் 'எனக்கு வராது'ன்னு போட்டு வச்ச கிடார் ஏதாவது இருந்தால், இன்னைக்கே எடுத்து இதைப் பண்ணிப் பாருங்க. என்ன ஆச்சுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிஸ்கி: 'இவன் எஃப் கார்டு எப்படி வாசிப்பான்னு கேட்கலாமா?'ன்னு யாராவது ஆரம்பிச்சீங்கன்னா, எனக்கு நாளைக்கு ஆணி ரொம்ப அதிகம். அப்பீட்டு!